கால் இருக்கும்போது எந்த ஊர்? மாணா, சித்குல், ஓஸ்லா

இமயமலையில் சாலை முடிகிற இடத்தில் ஒரு சிற்றூர். அங்கே நான்கு நாள் தங்க வேண்டும். பழங்கதை இருக்க வேண்டும், பனிமலை தெரிய வேண்டும், இரவில் ஆற்றின் சத்தம் கேட்க வேண்டும். எந்த ஊருக்குப் போகலாம்?

நண்பர்கள் இப்படிக் கேட்கும்போது எனக்கு மூன்று பெயர்கள் நினைவுக்கு வரும். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு 3 கிலோமீட்டர் அப்பால் உள்ள மாணா. இமாசலப் பிரதேசத்தின் கின்னோர் மாவட்டத்தில் பாஸ்பா ஆற்றின் கரையில் உள்ள சித்குல். மறுபடியும் உத்தராகண்ட், உத்தரகாசி மாவட்டம், ஹர் கி தூன் பள்ளத்தாக்கில் உள்ள ஓஸ்லா. மாணாவுக்கு அம்மாவோடு போனேன். சித்குலுக்குத் தனியாகப் போனேன். ஓஸ்லாவுக்கு அக்கா மகன் துணைக்கு வந்தான். யாரோடு போகிறோம் என்பதே பாதி முடிவைச் செய்துவிடும் என்பதை அந்த மூன்று பயணங்களிலும் உணர்ந்தேன். அதனால் இப்போதெல்லாம் பதில் சொல்வதற்கு முன் நானே மூன்று கேள்வி கேட்கிறேன். கூட யார் வருகிறார்கள்? எத்தனை நாள் விடுப்பு? ஒரே நாளில் 14 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடக்க முடியுமா?

மலானாவைப் பற்றியும் கட்டாயம் யாராவது கேட்பார்கள். குல்லு மாவட்டத்தில் உள்ள அந்த ஊருக்கு ஜம்லு தேவதைதான் அதிபதி. ஜமதக்னி முனிவரே ஜம்லு என்று சொல்கிறார்கள். கனாஷி என்னும் தனி மொழி அந்த ஒரே ஊரில் பேசப்படுகிறது. வெளியாள் கோயிலையோ வீட்டுச் சுவரையோ தொடக் கூடாது என்பது அவர்களின் நெடுநாள் விதி. 2017இல், தேவதையின் ஆணை என்று சொல்லி, ஊருக்குள் வெளியார் இரவு தங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். கஞ்சாவைத் தேடிப் போன கூட்டம் அந்த ஊருக்குச் செய்த கெடுதலைப் பார்த்தால், அந்த முடிவின் நியாயம் புரியும். தங்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்ட ஊரை என் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இனி மாணா. ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வழியில் தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை, விஷ்ணுப்பிரயாகை என்று ஐந்து ஆற்றுக்கூடல்களும் வரிசையாக வரும். வைணவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாதை இன்னும் நெருக்கமானது. தேவப்பிரயாகைதான் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமட்டை ஆழ்வார் பாடிய திருப்பிருதி என்று கொள்கிறார்கள். பத்ரி, திருமங்கையாழ்வாரின் வதரி. முதுமை வந்து, கோலே துணையாகி, முன்னடி பார்த்து வளைந்து நடக்கும் காலம் வருமுன் வதரியை வணங்குங்கள் என்று அவர் பாடினார். அம்மா அந்தப் பாசுரத்தைக் காரிலேயே முழுதாகச் சொன்னார். ஆழ்வார் காலத்தில் முழங்காலை நம்பி ஏற வேண்டியிருந்த இடத்துக்கு இன்று கார் போகிறது. கோல் ஊன்றுகிறவர்களும் போகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

மாணா சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல் பாவிய குறுகிய தெருக்கள். வாசலில் உட்கார்ந்து கம்பளி பின்னும் பெண்கள். மேலே வியாச குகை, கொஞ்சம் கீழே கணேச குகை. வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் மகாபாரதத்தை எழுதியது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. வியாச குகையின் மேல்பாறை ஏட்டுச் சுவடியை அடுக்கிவைத்ததுபோல் வரிவரியாக இருக்கிறது. அது வியாசரின் சுவடி கல்லானது என்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் சரஸ்வதி ஆறு பாறையைப் பிளந்துகொண்டு பாய்கிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அந்த இரைச்சலால் எழுத்து வேலை கெட்டதென்று சபிக்கப்பட்டுத்தான் சரஸ்வதி மறைந்து ஓடுகிறாள் என்று கதை. ஆற்றின்மேல் கிடக்கும் பெரும்பாறை பீமன் பாலம். சுவர்க்கத்துக்குப் புறப்பட்ட பாண்டவர்களில் திரௌபதியால் வெள்ளத்தைத் தாண்ட முடியாதபோது பீமன் அதைத் தூக்கிப் போட்டானாம். இன்னும் 5 கிலோமீட்டர் நடந்தால் வசுதாரா அருவி. சுமார் 400 அடி உயரத்திலிருந்து காற்றில் சிதறி விழுகிறது. பாவம் செய்தவர்மேல் அதன் துளி படாது என்பார்கள்.

இந்தக் கதைகள் எல்லாம் அம்மாவுக்கு முன்பே தெரியும். வழிகாட்டிப் பையன் இந்தியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இரண்டு இடத்தில் அம்மா அவனைத் திருத்தினார், அவன் ஒப்புக்கொண்டான். மாணாவின் தனிச்சிறப்பு இதுதான். நாம் சிறுவயதில் கேட்ட கதை கல்லாகவும் தண்ணீராகவும் கண் முன்னால் நிற்கும். புதிதாக ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் கதையை விட்டு ஊர்க்காரர்களிடம் போக வேண்டும். அவர்கள் மார்ச்சா என்னும் போட்டியா சமூகத்தினர். 1962 போருக்கு முன்பு மாணா கணவாய் வழியாகத் திபெத்தோடு வாணிகம் செய்தவர்கள். தானியம் போகும், உப்பும் கம்பளியும் வரும். போர்த்துகீசியப் பாதிரியார் அந்தோனியோ தே ஆந்த்ராதே 1624இல் திபெத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கணவாய் வழியாகத்தான். போருக்குப் பின் பாதை மூடப்பட்டது, ஆட்டு மந்தைகள் சுருங்கின, கம்பளித் தறி மட்டும் மிஞ்சியது. நவம்பரில் பத்ரிநாத் கோயில் நடை சாத்தும் நாளில் பெருமாளுக்குப் போர்த்தும் நெய்யில் தோய்த்த கம்பளியை மாணாவின் கன்னிப்பெண்கள்தான் நெய்து தருகிறார்கள். ஆறு மாதம் கழித்து நடை திறக்கும்போது அந்தக் கம்பளியின் இழைகள் பிரசாதமாகின்றன. கல்குகையைவிட இந்தக் கம்பளிதான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

மாணாவின் குறை கூட்டம். 2022 அக்டோபரில் பிரதமர் அங்கே பேசியபோது, நாட்டின் கடைசிக் கிராமம் என்ற பெயர் முதல் கிராமம் என்று மாறியது. வண்டிகள் பெருகின. காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை தெருவில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். எங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தவர், "மாணாவுக்கு ஒரு மணி நேரம் போதும்" என்று அழுத்திச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் தேநீர்க் கடைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு மறுபடியும் போனோம். தெருவில் நாங்கள் இருவரும் சில மாடுகளும் மட்டுமே. மாணாவிலேயே வீடுகளில் தங்க இடம் தருகிறார்கள், ஒரு இரவாவது தங்குவதே சரி.

வயதானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. கார் போகிறது என்பதற்காக மாணா எளிதான ஊர் ஆகிவிடாது. என் மூன்று ஊர்களில் நடந்து சேரும் ஓஸ்லா சுமார் 2,560 மீட்டர்தான். காரில் போகிற மாணா அதைவிட 600 மீட்டருக்கு மேல் உயரம். ஒரே மூச்சில் ஏறிவிடுவதால் உடம்பு பழக நேரம் கிடைப்பதில்லை. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. சுமார் 1,900 மீட்டரில் இருக்கும் ஜோஷிமட்டில் இரண்டு இரவு தங்கி ஏறினோம். அப்படியும் முதல் இரவு அம்மாவுக்குத் தலை கனத்தது. இன்னொன்று: பத்ரிநாத் யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். நவம்பர் நடுவில் நடை சாத்தியதும் ஊரே பூட்டிக்கொண்டு கோபேஷ்வர் பக்கம் கீழே இறங்கிவிடும். ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம்வரை அங்கே ஊர்க்காரர் யாரும் இல்லை. குளிர்காலத்து மாணா எத்தகையது என்பதற்கு 2025 பிப்ரவரி 28 சாட்சி. பனிச்சரிவு எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாமை மூடியது, 8 பேர் இறந்தார்கள்.

சித்குலுக்கு வேறு பாதை, வேறு மனநிலை. சிம்லாவிலிருந்து சட்லஜ் நதியை ஒட்டி ராம்பூர் வழியாகக் கர்ச்சம் வந்து, அங்கே நெடுஞ்சாலையை விட்டு பாஸ்பா பள்ளத்தாக்கில் ஏறினால் சாங்லா, ரக்சம், பிறகு சித்குல். மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர். ஒரே நாளில் போகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதைச் சொல்ல மாட்டேன். சாங்லாவில் ஓர் இரவு தங்கி, மேலே உள்ள காம்ரூ கோட்டையைப் பார்த்துவிட்டுப் போனால் உடம்பும் பழகும், ஊரும் புரியும். காம்ரூவின் கோயில் வளாகத்துக்குள் போக கின்னோர்த் தொப்பி அணிந்து இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். அங்கேயும் குடிகொண்டிருக்கும் தெய்வத்தின் பெயர் பத்ரிநாத் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தப் பெயருக்கும் சித்குலின் கதைக்கும் தொடர்பு உண்டு. ஊரின் தெய்வம் மாதி தேவி. அவள் பிருந்தாவனத்திலிருந்து புறப்பட்டு, மதுரா, பத்ரி என்று நடந்து, மலைகளையும் கணவாய்களையும் கடந்து, கடைசியில் இங்கே வந்து அமர்ந்தாளாம். வருகிற வழியில் தன் கணவனையும் உறவினரையும் ஒவ்வோர் ஊருக்குக் காவலாக நியமித்தாளாம். காம்ரூவின் பத்ரிநாத் அவள் கணவன். அவள் வந்தபின் ஊரில் விளைச்சல் பெருகியது, ஆடு மாடு கொழுத்தது என்கிறார்கள். நம் ஊர் எல்லையம்மன்களின் கதையைப் போலவே இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை யாரும் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல மாட்டார்கள். மாதியின் மரக்கோயிலுக்குள் வெளியாட்கள் எல்லா இடத்துக்கும் போக முடியாது. சித்குலும் ரக்சமும் பேசும் மொழி கின்னோரின் மற்ற மொழிகளிலிருந்து வேறுபட்டது, இந்தி தெரிந்தாலும் வீட்டுப் பேச்சு புரியாது. ஒரு கிழவர் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மீதியைப் பூசாரியிடம் கேட்கச் சொன்னார். பூசாரி சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லாக் கதையும் வந்தவர்களுக்காக வைக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சித்குலுக்கு எதற்காகப் போவது? ஆற்றுக்காக. சுமார் 3,450 மீட்டர் உயரத்தில், அகன்ற சமவெளியில் பாஸ்பா கூழாங்கல்மேல் விரிந்து ஓடுகிறது. இந்த மூன்று ஊர்களில் தண்ணீருக்குப் பக்கத்தில் பயமின்றி நாளெல்லாம் உட்கார முடிகிற இடம் இது ஒன்றுதான். மாணாவின் சரஸ்வதி மிரட்டும், ஓஸ்லாவின் சூபின் ஆறு பாதைக்குக் கீழே ஆழத்தில் ஓடும். சித்குலின் உருளைக்கிழங்கு பேர்போனது. செப்டம்பரில் ரக்சம் பக்கத்து வயல்களில் ஓக்லா என்னும் தானியம் பூத்து நிலமே இளஞ்சிவப்பாகிவிடும். அதன் மாவில்தான் ரொட்டி செய்வார்கள். ஊருக்கு அப்பால் எல்லைக் காவல் சாவடியை நோக்கி, அவர்கள் அனுமதிக்கும் இடம்வரை நடக்கலாம். மேடு பள்ளம் குறைவு, குழந்தைகளும் நடப்பார்கள். பலகை ஓடும் கல்லோடும் வேய்ந்த பழைய வீடுகளுக்கு நடுவே தகரக்கூரை விடுதிகள் எழும்பி நிற்பது கண்ணை உறுத்துகிறது. பழைய வீட்டிலேயே தங்க இடம் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும்.

இந்தப் பாதையில் அஞ்ச வேண்டியது மழைக்காலத்தை. 2021 ஜூலையில் பட்சேரி அருகே மலையிலிருந்து உருண்ட பாறைகள் சுற்றுலா வண்டியில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே கின்னோரின் நிகுல்சாரியில் நிலச்சரிவு 28 பேரைக் கொன்றது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சித்குல் மட்டுமல்ல, மூன்றில் எதற்கும் போகாதீர்கள். விடுப்பு அப்போதுதான் கிடைக்கும் என்றால் அந்த ஆண்டு போகாமல் இருப்பதே மேல்.

ஓஸ்லாவைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டும்.

டேராடூனிலிருந்து காலையில் கிளம்பினால் புரோலா, மோரி, நைட்வார் வழியாகச் சாங்க்ரி போய்ச் சேர மாலையாகிவிடும். 200 கிலோமீட்டர்தான், ஆனால் முழுவதும் வளைவு. புரோலாவைச் சுற்றி விளையும் சிவப்பரிசி புகழ்பெற்றது. அங்கேயே பணமும் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ரொக்கம்தான் செல்லும். நைட்வாரில் ரூபின், சூபின் என்னும் இரண்டு ஆறுகள் கூடி டோன்ஸ் ஆகின்றன. அந்த ஊரில் போக்கு தேவதையின் கோயில் இருக்கிறது. நீதியின் கடவுள் அவர். வழக்குமன்றத்துக்குப் போக முடியாதவர்கள் இவரிடம் முறையிடுகிறார்கள். பூசாரி தெய்வத்தை நேருக்கு நேர் பார்ப்பதில்லை, முதுகைக் காட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். கோவிந்த் தேசியப் பூங்காவுக்கான நுழைவுக் கட்டணமும் நைட்வார்ச் சாவடியில்தான்.

சாங்க்ரியில் இரவு தங்கி, மறுநாள் ஜீப்பில் 12 கிலோமீட்டர் போனால் தாலுகா. இது ஊரின் பெயர், நம் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கிருந்து நடை. ஜீப் போகும் எல்லை ஆண்டுக்கு ஆண்டு உள்ளே நகர்ந்துகொண்டிருப்பதால் சாங்க்ரியிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. நாங்கள் போனபோது ஓஸ்லாவுக்கு 14 கிலோமீட்டர் நடந்தோம். சூபின் கூடவே வந்தது. வால்நட் மரங்களும் தேவதாருவும் மாறி மாறி வந்தன. கங்காட் கிராமத்தின் எதிரே தேநீர் குடித்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு, மலைச்சரிவில் தேன்கூடுபோல் அடுக்கிய மரவீடுகள் தெரிந்தன. கீழ்த்தளத்தில் ஆடு மாடு, மேல்தளத்தில் மனிதர்கள். குளிர்காலத்திலும் இவர்கள் ஊரை விட்டு இறங்குவதில்லை. அக்டோபர் ஆனதால் தட்டுத்தட்டான வயல்களில் கீரைத்தானியம் கருஞ்சிவப்பாக முற்றி நின்றது. தங்கிய வீட்டில் மண்டுவா ரொட்டியும் ராஜ்மாவும் நெய்யும் போட்டார்கள். மண்டுவா என்றால் நம் கேழ்வரகுதான். அக்கா மகன் வீட்டில் களி என்றால் ஓடுவான், அங்கே ஆறு ரொட்டி சாப்பிட்டான்.

ஊர் நடுவே செதுக்கு வேலைப்பாடு நிறைந்த மரக்கோயில். வெளியுலகில் இதைத் துரியோதனன் கோயில் என்று எழுதிவிட்டார்கள். மேல் டோன்ஸ் பள்ளத்தாக்கில் துரியோதனனைக் காவல் தெய்வமாக வழிபட்டதைப் பற்றி மானிடவியலாளர்கள் எழுதியிருப்பது உண்மை. அந்த வட்டாரத்தில் கர்ணனுக்கும் கோயில் இருக்கிறது. ஆனால் இன்று ஊர்க்காரர்களைக் கேட்டால், எங்கள் தெய்வம் சோமேஷ்வர், அதாவது சிவன், என்பார்கள். துரியோதனனைக் கும்பிடுகிறவர்கள் என்று வெளியார் இகழ்ச்சியாகச் சொன்னது அவர்களைக் காயப்படுத்தியிருக்கிறது. ஆகவே அங்கே போனால் "துரியோதனன் கோயில் எங்கே?" என்று கேட்காதீர்கள். கோயில் எங்கே என்று மட்டும் கேளுங்கள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து இரண்டாம் இரவு ஆகும்போது கதை தானே வரும்.

எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. குருட்சேத்திரத்தில் துரியோதனன் விழுந்த செய்தி கேட்டு இந்தப் பள்ளத்தாக்கே அழுததாம். அந்தக் கண்ணீர்தான் தமசா என்னும் டோன்ஸ் ஆறாக ஓடியதாம். அதனால் அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இதைக் கேட்டபோது எனக்கு என் சிறுவயதுப் படுகளம் நினைவுக்கு வந்தது. வடதமிழகத்துத் திரௌபதியம்மன் திருவிழாவில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கவைத்து, கூத்தில் பீமன் வேடமிட்டவர் அதன் தொடையை அடித்து உடைப்பார். ஊர் ஆர்ப்பரிக்கும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். அதே மரணத்துக்கு இங்கே ஒரு பள்ளத்தாக்கு அழுதிருக்கிறது. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், மலநடையில், துரியோதனனுக்குக் கோயில் இருப்பதை அறிந்திருந்தேன். ஆனால் படித்து அறிவது வேறு, அழுதவர்களின் பிள்ளைகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மனிதர்களின் அடுப்பில் கை காய்ச்சிக்கொண்டு கேட்பது வேறு. ஊர் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். "காந்தாரிக்கு யாராவது துணைக்கு அழுதார்களே" என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

ஓஸ்லாவிலிருந்து மறுநாள் 10, 11 கிலோமீட்டர் ஏறினால் ஹர் கி தூன், சுமார் 3,560 மீட்டர். புல்வெளிக்கு எதிரே சுவர்க்காரோகிணி நிற்கிறது, அதன் உயர்ந்த சிகரம் 6,252 மீட்டர். பாண்டவர்கள் சுவர்க்கம் போனது இந்த மலை வழியாக என்று இங்கே சொல்கிறார்கள். மாணாவில், இல்லை, அது சதோபந்த் ஏரி வழி என்பார்கள். இரண்டு ஊரும் தம் பக்கத்துப் பாதைதான் உண்மை என்று உறுதியாக இருக்கின்றன. எனக்கு இரண்டையும் நம்பத் தோன்றியது.

ஓஸ்லாவின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. அங்கே கால் முறிந்தால் கோவேறு கழுதையில் ஏற்றியோ முதுகில் சுமந்தோதான் கீழே கொண்டுவர வேண்டும். கைப்பேசியை நம்ப முடியாது. தனியாகப் போகக் கூடாது. சாங்க்ரியில் அல்லது ஓஸ்லாவில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். நாளும் அதிகம் வேண்டும். சாங்க்ரியிலிருந்து போய்த் திரும்பவே நான்கு நாள், சென்னையிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது நாள் இல்லாமல் நிம்மதியாக முடியாது. மாணாவை ஏழு நாளிலும் சித்குலை ஏழு, எட்டு நாளிலும் முடிக்கலாம். செலவைப் பொறுத்தவரை, நடை திறந்த முதல் மாதத்தில் பத்ரிநாத்தில் அறை வாடகை மிகவும் ஏறிவிடும், சித்குல் நடுத்தரம். ஓஸ்லாவில் வீட்டில் தங்குவது குறைவுதான், வழிகாட்டியும் ஜீப்பும் சேர்ந்தால் கணக்கு ஏறும். நான்கு பேராகப் போனால் தலைக்குத் தாங்கும்.

மூன்றுக்கும் பொதுவாக நல்ல காலம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை. மழை கழுவிவிட்ட வானம், அறுவடை, கூட்டமும் குறைவு. மே, ஜூனில் போவதானால் சித்குலை அல்லது ஓஸ்லாவைத் தேர்ந்தெடுங்கள். மாணாவுக்கு அப்போது நாடே வந்துவிடும்.

இப்போது ஆழ்வாரின் சொல்லுக்குத் திரும்புகிறேன். கோல் துணையாகுமுன் வதரிக்குப் போ என்றார். இன்று வதரி காத்திருக்கும். எழுபது வயதிலும் காரில் போகலாம், மூச்சு சீராக இருந்தால் போதும். காத்திருக்காதது ஓஸ்லா. நான் அங்கே போனது 51 வயதில். இறங்கும்போது இடது முழங்கால் வீங்கி, கடைசி 4 கிலோமீட்டர் அக்கா மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். 35 வயதில் போயிருந்தால் இன்னொரு நாள் தங்கி அடுத்த ஏரிவரை போயிருப்பேன் என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது. முழங்கால் நன்றாக இருக்கிறவர், நாற்பதைத் தாண்டாதவர், ஒன்பது நாள் விடுப்பு வாங்க முடிகிறவர் வேறெதையும் யோசிக்க வேண்டாம். முதலில் ஓஸ்லா. பெற்றோரை அழைத்துப் போகிறவருக்கு மாணா, ஜோஷிமட்டில் இரண்டு இரவோடு. மகாபாரதம் ஊறிய ஒரு தாயோ பாட்டியோ கூட வந்தால் அந்த ஊரின் கற்கள் பேசும், நீங்கள் மட்டும் போனால் பாதிதான் கேட்கும். வேலையில் களைத்து, யாரோடும் பேச விருப்பமின்றி, ஆற்றங்கரையில் நான்கு நாள் உட்கார வேண்டும் என்கிறவருக்குச் சித்குல்.

அம்மாவுக்கு இப்போது 71. வசுதாராவரை நடக்க முடியாமல் பாதியில் திரும்பியது அவருக்குக் குறையாகவே இருக்கிறது. தண்ணீரை எட்டத்திலிருந்துதான் பார்த்தேன் என்று அடிக்கடி சொல்வார். மருத்துவரிடம் கேட்டாகிவிட்டது. வருகிற செப்டம்பரில் சித்குலுக்கு அழைத்துப் போகிறேன். சாங்லாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே ஏறுவோம். அங்கே ஆற்றுக்கு மிக அருகில்வரை வண்டி போகும். அம்மா இறங்கி, பாஸ்பாவில் கை நனைக்கலாம்.